வாலாஜாபாத் என்னும் ஐந்தெழுத்து

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் நோக்கிச் செல்வோர் பாலாற்றின் வடபுறத்தே வாலாஜாபாத் என்னும் ஊரைக் கடந்து செல்கின்றனர். 1749 முதல் 1795 வரை ஆர்க்காட்டு நவாபாக விளங்கிய முகம்மது அலியின் பட்டப்பெயரே இவ்வூரின் பெயராயிற்று. (இராணிப்பேட்டை மாவட்டத்து வாலாஜாப்பேட்டையோடு இதனை மயங்குதல் வேண்டா, ஒரே பட்டப்பெயர் இரண்டு ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது, அவ்வளவே.) 'வாலா ஜாஹ்' என்பது பாரசீகம்; உயர்ந்த தகுதியுடையவர் என்பது பொருள். 'ஆபாத்' என்பதும் பாரசீகமே. மக்கள் வாழும் ஊரைக் குறிப்பது. இவ்விரண்டையும் நம் மக்கள் இணைத்து, கடைசி ஹகரத்தை விழுங்கி, தம் நாவுக்கு ஏற்ப வழங்கினர். தம் எழுத்திலும் எழுதினர்.

எழுதிய முறையைச் சற்று உற்று நோக்குவோம். வா, லா, ஜா, பா, த் என்பன ஐந்து எழுத்துகள். இவற்றுள் நான்கு தொல்காப்பியர் அறிந்த தமிழ் எழுத்துகள். நடுவில் நிற்கும் 'ஜா' மட்டும் கிரந்தத்திலிருந்து வந்தது. ஆக, ஒரு பாரசீகச் சொல் தமிழகத்துச் சிற்றூரில் குடியேறியபோது, தமிழும் கிரந்தமும் சேர்ந்து அதற்கு உடை தைத்திருக்கின்றன. ஊர்ப் பலகையில் இதனை எழுதிய ஓவியர் இதற்காக எவரிடமும் அனுமதி கேட்டிருக்கமாட்டார்.

ஆனால் இதே பெயரைக் கணினியில் எழுதும்போது, நம் கண்ணுக்கு ஐந்தாகத் தோன்றுவதைக் கணினி பத்தாக எண்ணுகிறது. வகரம் ஒன்று, அதன் பின் நிற்கும் கால் ஒன்று. லகரம் ஒன்று, கால் ஒன்று. இவ்வாறே ஜகரமும் பகரமும். இறுதியில் தகரம் ஒன்று, அதன் தலைமேல் புள்ளி ஒன்று. அப்பத்துக்கும் பத்து எண்கள் உள. அவ்வெண்களை வகுத்தவர்கள் வாலாஜாபாத்தையோ காஞ்சிபுரத்தையோ கண்டறியாதவர்கள். அவர்கள் எவ்வாறு வகுத்தனர், அந்த அவையில் நம்மவர் எப்போது போய் அமர்ந்தனர், அமராதிருந்த காலத்தில் என்ன நேர்ந்தது என்பன அறியத்தக்க வரலாறு. நம் சமுதாயத்தின் பழைய கிதாபுகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்தால்தான் அது எழுத்தைச் சேமிக்கும், அனுப்பும், தேடும். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே எண் பட்டியலைக் கொண்டிராவிடில், 'அன்புள்ள' என்று எழுதியது மறுமுனையில் பொருளற்ற குறிகளின் குவியலாகப் போய்ச் சேரும். 1980களிலும் 1990களிலும் தமிழுக்கு நேர்ந்தது இதுவே. கனடாவில் முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்னும் மென்பொருளை 1984-இல் ஆக்கினார், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' செய்தார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார்; சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார். தமிழகத்து நாளிதழ்களும் அச்சகங்களும் ஆளுக்கொரு முறையைக் கையாண்டன. ஒவ்வொருவரின் உழைப்பும் போற்றத்தக்கதே. எனினும் ஒருவர் பட்டியலில் ககரமாக இருந்த எண் மற்றவர் பட்டியலில் மகரமாகவோ கொம்பாகவோ இருந்தது. ஓர் இதழின் தமிழைப் படிக்க அவ்விதழின் எழுத்துருவையே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபு நாடுகள் இதனை முன்பே உணர்ந்து, தமக்குள் கூடி ஒரு பட்டியலை வகுத்துக்கொண்டன. அது 1987-இல் உலகத் தரநிலை அமைப்பின் ஏற்பையும் பெற்றது. அரபு எழுத்துக்குச் சொல்லின் முதலில் ஒரு வடிவம், இடையில் ஒரு வடிவம், கடையில் ஒரு வடிவம், தனித்து நிற்கையில் ஒரு வடிவம் என்பதை ஓதுபவர் எல்லாரும் அறிவர். அவர்கள் நான்கு வடிவங்களுக்கும் நான்கு எண்கள் கேட்கவில்லை. எழுத்துக்கு ஓர் எண் போதும், வடிவத்தை இடம் பார்த்து எழுத்துரு தீர்மானிக்கட்டும் என்று முடிவு செய்தனர். எழுத்து வேறு, எழுத்தின் உருவம் வேறு என்னும் இக்கொள்கையே பின்னர் உலகப் பொதுப் பட்டியலின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. தமிழுக்கும் இது பொருந்தும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை முதலியவற்றின் உருவை மாற்றியது. கணினியில் பழைய லையும் புதிய லையும் ஒரே எண்கள்தாம். எழுத்துருவை மாற்றினால் பழைய துதிக்கை திரும்பி வந்துவிடும்.

இந்திய அரசின் ஏற்பாட்டில் 1988-இல் 'இஸ்கி' என்னும் பட்டியல் வகுக்கப்பட்டது. 1991-இல் இந்தியத் தரமாக வெளியாயிற்று. பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே சட்டகம் என்பது அதன் நோக்கம். சட்டகத்தை அறுத்தவர்கள் தேவநாகரிக்கு அளவெடுத்து அறுத்தனர். அதே 1988-இல் அமெரிக்காவில் ஜோ பெக்கர் என்னும் அறிஞர் உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியல் என்ற கருத்தை ஓர் அறிக்கையாக வெளியிட்டார். 1991-இல் பெருங்கணினி நிறுவனங்கள் கூடி யூனிகோடு சேர்த்தியத்தைப் பதிவு செய்தன; அவ்வாண்டு அக்டோபரில் முதற் பதிப்பு வெளிவந்தது. யூனிகோடு என்பதை இன்று ஒருங்குறி என்று அழகாகத் தமிழில் வழங்குகிறோம். இந்திய மொழிகளுக்கு அவர்கள் இஸ்கியின் சட்டகத்தையே எடுத்துக்கொண்டனர். தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன.

அவ்விடங்களில் இன்றும் நிரம்பியவை 72 மட்டுமே. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. தேவநாகரியில் அங்கே இருக்கும் மூன்று எழுத்துகள் தமிழில் இல்லையே! மறுபுறம், தமிழுக்கே உரிய எழுத்துகள் தம் இடத்தில் இல்லை. னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன்னே அமர்த்தப்பட்டது. றகரம் ரகரத்தின் அருகில் போயிற்று. எண் வரிசையை அப்படியே பின்பற்றி அகராதி அடுக்கினால், நம் நெடுங்கணக்கு கலைந்துவிடும். பின்னர் வரிசைப்படுத்தத் தனி அட்டவணை செய்து இக்குறையை நீக்கினர் என்பது உண்மை. எனினும், ஒரு மொழியின் அரிச்சுவடியை அம்மொழியார் இல்லாத அவையில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கொரியரைப் பாருங்கள். அவர்களுடைய எழுத்தும் உறுப்புகள் கூடி அசையாவதுதான். ஆனால் அவர்களின் நாட்டுத் தரநிலை அமைப்பு உரிய காலத்தில் உலக அவையில் வாதாடி, 11,172 அசைகளுக்கும் தனித்தனி எண் பெற்றது. 1996-இல் அவர்களுக்காகப் பழைய இடங்களையே மாற்றியமைத்தார்கள். அம்மாற்றத்தால் விளைந்த தொல்லையைக் கண்டு, ஒருமுறை தந்த இடத்தை இனி எக்காலத்தும் மாற்றுவதோ பறிப்பதோ இல்லை என்று சேர்த்தியம் விதி செய்துகொண்டது. கொரியர் நுழைந்ததும் கதவு சாத்தப்பட்டது. 'அவர்களுக்குப் பதினோராயிரம், எங்கள் 247-க்கு இடமில்லையா?' என்று தமிழர் கேட்கத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது.

தமிழர் கூடியது 1997-இல், சிங்கப்பூரில். நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய அம்மாநாட்டுக்குப் பின் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' நடந்தது. இன்றும் பலர் தட்டெழுதும் 'தமிழ் 99' விசைப்பலகை அங்கே பிறந்ததுதான். 'தாம்', 'தாப்' என்னும் இரு எழுத்துப் பட்டியல்களையும் தமிழக அரசு ஏற்றது. இதற்கிடையே பல நாட்டுத் தன்னார்வலர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டு 'திஸ்கி' என்னும் பட்டியலை வகுத்திருந்தனர். அதில் அவர்கள் பட்ட பாடு சுவையானது. இருந்த 256 இடங்களில் முற்பாதி ஆங்கிலத்துக்குப் போயிற்று. எஞ்சிய பாதியில் 247 எழுத்துகளை எங்ஙனம் அடைப்பது? தனி வடிவம் கொண்ட உகர, ஊகார வரிசைகளுக்கு இருக்கை தந்து, மற்றவற்றைக் கால், கொம்பு முதலியவற்றால் கட்டிக்கொண்டனர். சிற்றில்லத்தில் பெருங்குடும்பம் வாழ்வது போன்ற ஏற்பாடு அது. 2000-இல் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. இந்திய அரசும், பின் தமிழக அரசும் சேர்த்தியத்தில் உறுப்பினராயின.

இக்கட்டத்தில் நம் சமுதாயத்தார் ஒருவரைக் குறிப்பிடாமல் செல்லுதல் தகாது. அதிராம்பட்டினம் உமர் தம்பி 1953-இல் பிறந்தவர். வளைகுடா நாட்டில் பணியாற்றியவர். ஒருங்குறி வந்தும் அதனைப் படிக்கும் எழுத்துரு பெரும்பாலான கணினிகளில் இல்லாதிருந்த நாளில், படிப்பவர் எதையும் நிறுவிக்கொள்ளாமலே தமிழ்ப் பக்கம் தானே விரியும்படி 'தேனீ' என்னும் இயங்கு எழுத்துருவைச் செய்து இலவசமாகத் தந்தார். பழைய பட்டியல்களில் கிடந்த எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளையும் தந்தார். 2006-இல் மறைந்தார். 2010 கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அவர் பெயரை அறியாமலே அவர் எழுத்தில் தமிழைப் படித்தவர் பலர்.

அம்மாநாட்டின்போதே தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. ஒருங்குறி பயன்படாத இடங்களுக்கு, எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் பதினாறு துணுக்குப் பட்டியல் ஒன்றையும் ஏற்றது. பின்னது நுட்பத்தில் சிறந்ததென்பாருள் நாமும் ஒருவரே. ஆயினும் உலகம் ஏறிய வண்டி வேறு.

அவ்வாண்டின் இறுதியில் ஒரு பெரும் பூசல் எழுந்தது. அதனை விளங்கிக்கொள்ள வாலாஜாபாத்திலிருந்து தெற்கே, பாலாற்றைக் கடந்து, உத்திரமேரூர் வரை சென்றுவர வேண்டும். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஆண்டு 919, 921. ஊரை முப்பது குடும்பாகப் பகுத்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு ஆள் தேர்ந்த விவரம் அவற்றில் இருக்கிறது. மேடைகளில் இதனைக் குடியாட்சியின் தொட்டில் என்பர். கல்வெட்டோ சபையில் அமரத் தகுதியும் சொல்கிறது: வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல், 70-க்குள், வேதம் அறிந்திருக்க வேண்டும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் ஆகான். கடைசி விதியை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மற்றவற்றால் ஊரில் எத்தனை பேர் வெளியே நிறுத்தப்பட்டிருப்பர் என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம். ஒருங்குறிச் சபையிலும் ஆண்டுச் சந்தா செலுத்தும் பெருநிறுவனங்களுக்கும் அரசுகளுக்குமே முழு வாக்கு; தனியொருவர் விண்ணப்பம் தரலாம், வாக்களிக்க இயலாது. கால் வேலி நிலத்தின் இடத்தில் சந்தா வந்திருக்கிறது.

அக்கல்வெட்டின் எழுத்துத்தான் நமக்கு இங்கே முதன்மையானது. 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று கிரந்தத்தில் தொடங்கி, தமிழ்ச் சொல்லைத் தமிழிலும் வடசொல்லைக் கிரந்தத்திலுமாகக் கலந்து வெட்டியிருக்கிறான் சிற்பி. இதனை உள்ளது உள்ளவாறே கணினியில் பதிவு செய்ய விரும்பும் ஆய்வாளருக்குக் கிரந்தத்துக்கென ஒரு தொகுதி தேவை. அது நியாயமே. ஆனால் 2010-இல் வந்த முன்மொழிவுகளுள் ஒன்று எகர ஒகரங்களையும் ழ, ற, ன ஆகியவற்றையும் கிரந்தத் தொகுதிக்குள்ளும் வைக்கக் கோரியது. மற்றொன்று கிரந்த எழுத்துகள் பலவற்றைத் தமிழோடு சேர்த்து 'நீட்டித்த தமிழ்' என்று பெயரிடக் கோரியது. தமிழறிஞர்கள் கொதித்தெழுந்தனர், முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அரசுக்கு எழுதினார், முடிவு தள்ளிப்போயிற்று. இறுதியில் 2014-இல் கிரந்தம் தனித் தொகுதியாக, தமிழின் சிறப்பெழுத்துகள் இன்றி இடம் பெற்றது.

இதில் யார் பக்கம் நியாயம்? கலப்பே இல்லை என்பாருக்கு உத்திரமேரூர்ச் சுவரும் வாலாஜாபாத் பலகையும் விடை சொல்லும். ஆயினும் ஊர்ப் பலகையில் கலப்பது வேறு, மீட்க முடியாத பட்டியலில் கலப்பது வேறு. தந்த இடத்தைப் பறிப்பதில்லை என்ற விதியை மறவாதீர்கள். அந்த அவையில் தவறாக நுழைந்தது என்றும் நிற்கும். ஆகவே, அன்று கூச்சலிட்டவர்களின் சொற்கள் சில வரம்பு மீறியிருப்பினும் அவர்கள் கூச்சலிட்டது தேவையே என்பது நம் கருத்து.

இப்பகுதிக்கு இன்னொரு கணக்கும் தீர்ந்தது. 1763-இல் நவாப் முகம்மது அலி செங்கல்பட்டுப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகத் தந்தார். 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பார்னார்டு அங்கே ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் நிலம், ஏரி, குடி, மானியம் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார். அக்கணக்கின் மூலம், ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதியது. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நாகரி வழிவந்த பட்டியலில் இவற்றுக்கு இடமே இல்லை. 2019-இல் தமிழுக்கு ஒரு துணைத் தொகுதி தரப்பட்டு, பின்னங்களும் அளவைகளும் கணக்குக் குறிகளுமாக 51 குறிகள் அதில் சேர்ந்தன. வாலாஜாபாத் வட்டாரத்து ஓலைக் கணக்கை எழுதியவாறே கணினியில் எழுத இன்று தடையில்லை; அக்குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்தாம் அருகிவிட்டனர்.

நம் வீட்டுப் பேழைகளிலும் இதே நிலைதான். தமிழகத்துக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினர். அரபுத்தமிழ் என்றும் அர்வீ என்றும் அதனை வழங்கினோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானீ' முதலாக எத்தனையோ மார்க்க நூல்கள், பாடல்கள், மருத்துவக் குறிப்புகள் அவ்வெழுத்தில் கல்லச்சேறின. தமிழ் எழுத்தறியாத பெண்மக்கள் அரபுத்தமிழில் சரளமாகப் படித்தனர். ஆயினும் நூலக அட்டவணை செய்வோர் அதனை அரபு என்று ஒதுக்கினர். அரபு அறிந்தோர் எடுத்துப் பார்த்துத் தமிழ் என்று திருப்பி வைத்தனர்.

அரபியில் இல்லாத தமிழொலிகளுக்கு அவர்கள் செய்த ஏற்பாடு நுட்பமானது. பகரத்துக்கு 'ஃபே'யின் கீழே ஒரு புள்ளி. ணகரத்துக்கு நூனின் கீழே ஒரு புள்ளி. சகரத்துக்குப் பாரசீகத்தின் 'சே'. இவற்றுள் பல, வேறு மொழியினரின் தேவைக்காக ஒருங்குறியில் முன்பே இடம் பெற்றிருந்தன. இல்லாதிருந்தவை சில. 2015 ஜூனில் வெளியான எட்டாம் பதிப்பில் 7,716 எழுத்துகள் புதிதாகச் சேர்ந்தன. அவற்றுள் பெரும்பகுதி சீனம். அந்த வெள்ளத்தின் நடுவே, அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழுக்காக என்று அறிவிப்பிலேயே பெயர் சொல்லி, ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் எழுத்துகள் சேர்க்கப்பட்டன. காஃபின் கீழே ஒரு புள்ளி பெற்றது ஒன்று. ஐனின் கீழே மூன்று புள்ளிகள் பெற்றது மற்றொன்று. பின்னது நம் ஙகரம்.

ஊர்வலம் இல்லை; அறிக்கைப் போர் இல்லை; நம் இதழ்கள் பலவற்றில் ஒரு துணுக்குச் செய்தியும் இல்லை. இவ்வெழுத்து அச்சில் இருந்தது என்பதற்குச் சான்றுப் பக்கம் காட்டினால்தான் அந்த அவை ஏற்கும். காட்டுவதற்குக் கிதாபுகள் இருந்தன. கரையான் தின்னாமல் எவரோ வைத்திருந்த பக்கங்களே அன்று நமக்காக வாதாடின.

இடம் கிடைத்துவிட்டது. குடியேறினோமா? அந்த ஐனையும் காஃபையும் பிழையின்றிக் காட்டும் எழுத்துருக்கள் மிகச் சில. அரபுத்தமிழுக்கெனப் பரவலான விசைப்பலகை இல்லை. எகர ஒகர உயிர்க்குறிகளைக் கீழக்கரையார் ஒரு விதமாகவும் இலங்கையார் வேறு விதமாகவும் இட்ட இடங்கள் உண்டு. அவற்றை ஒப்பிட்டு முடிவு செய்ய ஆலிம்களும் கணினி அறிந்த இளைஞர்களும் ஒரே மேசையில் அமர வேண்டும். கிதாபுகளைப் படமெடுத்துச் சேமிக்கும் பணி ஆங்காங்கு நடக்கிறது. படம் எழுத்தாகாது, படத்தில் ஒரு சொல்லைத் தேட இயலாது. அவ்வெழுத்தைத் தடுமாறாமல் படிக்கும் முதியோர் நம்மிடையே இருக்கும் நாளிலேயே தட்டெழுதும் பணி தொடங்கியாக வேண்டும்.

மொழியையும் எழுத்தையும் தனித்தனியே குறிப்பது உலகத் தரநிலையின் வழக்கம். ஆதலின் தட்டெழுதப்பெறும் மகானீயின் முகப்பில் கணினிக்கென இட வேண்டிய குறிப்பில், மொழி என்னும் இடத்தில் தமிழ் என்றும், எழுத்து என்னும் இடத்தில் அரபு என்றும் நிரப்ப வேண்டியிருக்கும்.